சர்க்கரைக்குக் கண் பார்த்தீர்கள், கண் அழுத்தம் பார்த்தீர்களா?

என் தாய்மாமாவுக்குப் பதினாறு வருடமாகச் சுகர். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறாது. ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு பழைய ரெக்சின் பையில் வைத்திருப்பார். வருடத்துக்கு ஒரு முறை கண்ணுக்குள் படம் எடுத்துப் பார்க்கவும் போய்விடுவார். தாளில் வருவது எப்போதும் ஒரே செய்திதான்: விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு இல்லை. "கண்ணு பாஸ் மாப்ள" என்று சொல்லி அதையும் பைக்குள் செருகுவார்.

ஒரு கல்யாணப் பந்தியில், இடப்பக்கமாகச் சாம்பார் வாளியுடன் வந்த பையன் மேல் மோதிவிட்டார். அவனைத் திட்டவும் செய்தார். அடுத்த மாதம் வீட்டு கேட்டில் இடித்து ஸ்கூட்டரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது. அத்தைதான் பிடிவாதமாக வேறொரு கண் மருத்துவரிடம் அழைத்துப்போனார். இடக்கண்ணின் பார்வை நரம்பில் பெரும்பகுதி பட்டுப்போயிருந்தது. வலக்கண்ணிலும் தொடங்கியிருந்தது. கிளாக்கோமா என்றார்கள். அன்றிரவு அந்தப் பையைக் கொட்டிக் கடைசி ஐந்து வருடத் தாள்களையும் நான் பார்த்தேன். 'கண் அழுத்தம்' என்ற கட்டம் ஐந்திலும் காலியாக இருந்தது.

சர்க்கரை நோயாளிக்கு எடுக்கும் கண் படத்தில் விழித்திரை தெரியும். பார்வை நரம்பு வெளியேறும் வட்டமும் அதே படத்தில்தான் இருக்கிறது. ஆனால் தேடுவது ரத்தப் புள்ளிகளையும் கசிவையும் என்றால், கிடைக்கும் பதிலும் அவற்றுக்கானதாகவே இருக்கும். 'சர்க்கரைப் பாதிப்பு இல்லை' என்ற வரியைக் 'கண்ணில் கோளாறே இல்லை' என்று மாமா படித்துவிட்டார். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறோம். சர்க்கரைக்கும் கிளாக்கோமாவுக்கும் உள்ள தொடர்பைப் பொறுமையாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த இரவில்தான்.

அது ரத்த அழுத்தம் இல்லை

'கண் பிரஷர்' என்றதும் "எனக்குத்தான் பிரஷர் மாத்திரை ஓடிட்டிருக்கே" என்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கிறது. அது கண்ணீரும் இல்லை. கண்ணீர் வெளியே வழிவது, இது உள்ளேயே ஓடுவது. ரத்தக் குழாயே இல்லாத கருவிழிக்கும் லென்ஸுக்கும் இந்த நீர்தான் சாப்பாடு. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர் சுரக்கும். ஒரே ஒரு சொட்டு சேரவே இருபது நிமிடம்போல் ஆகும். சுரந்த நீர், கருவிழியும் ஐரிஸ் என்ற வண்ணத் திரையும் சந்திக்கும் மூலைக்கு வந்து, அங்குள்ள நுண்ணிய சல்லடை வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. அந்த மூலைக்குக் 'கோணம்' என்று பெயர்.

காபி ஃபில்டரின் துளைகள் பொடியால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மேலே ஊற்றியது மேலேயே நிற்கும். கண்ணில் அப்படித் தேங்கும்போது அழுத்தம் ஏறுகிறது. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். ஏறிய அழுத்தத்தின் அடி விழுவது கண்ணின் பின்பக்கத்தில், பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில். அந்த நரம்பில் ஏறத்தாழ 12 லட்சம் இழைகள் உண்டு. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. முதலில் போவது ஓரப் பார்வை. நடுப்பார்வை கடைசி வரை நிற்பதால், எதிரே மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட முடியும். வலி கிடையாது. ஒரு கண்ணில் விடுபட்டதை மறு கண் நிரப்பிக் கொடுக்கும். அதுவும் முடியாத இடத்தை மூளை தானாகவே பூசி மெழுகிவிடும். ஆகவே கறுப்பாகவோ திரை போட்டாற்போலவோ எதுவும் தெரிவதில்லை. சாம்பார் வாளியுடன் வந்த பையன் அங்கே இல்லவே இல்லை, அவ்வளவுதான்.

போன இழை திரும்ப வராது. கண்புரைக்கு ஆபரேஷன் உண்டு, செய்தால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் இருப்பதைக் காப்பாற்றலாம், போனதை மீட்க வழியில்லை. 'புரை முற்றட்டும்' என்று காத்திருந்து பழகிய நம் ஊரில் இந்த வித்தியாசத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில், திறந்த கோண கிளாக்கோமா நகரத்தில் 3.51 விழுக்காட்டினருக்கும் கிராமப்புறத்தில் 1.62 விழுக்காட்டினருக்கும் இருந்தது. கோணம் திறந்தே இருந்தும் சல்லடை சரியாக வடியாமல் வருவது இந்த வகை. அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. பெரும்பாலோரின் கண் அழுத்தம் பார்த்த நேரத்தில் 21க்குக் கீழேதான் இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

இன்னொரு பக்கம் சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய இன்டயாப் ஆய்வு, 2023இல் நாடு முழுவதும் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. இவ்வளவு பேரில் ஒரு பகுதியினருக்குக் கிளாக்கோமாவும் சேர்ந்தே இருக்கும், இரண்டுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும்கூட. தொடர்பும் இருக்கிறதா என்பதே கேள்வி.

இருக்கிறது, இரண்டு விதமாக. ஒன்று சந்தேகத்துக்கே இடமில்லாதது. எண்ணிக்கையில் குறைவு, கொடுமையில் அதிகம். மற்றது மெல்லியது, பரவலானது, ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வதால்தான் ஒரு சாரார் பயந்து நடுங்குகிறார்கள், மறு சாரார் கண்டுகொள்ளாமலே இருக்கிறார்கள்.

பட்டினி கிடக்கும் விழித்திரை

விழித்திரை மிக அதிக ஆக்சிஜன் கேட்கும் திசு. வருடக்கணக்கில் ஏறி நிற்கும் சர்க்கரை அதன் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கசியவைத்து, பிறகு அடைத்தும் விடுகிறது. ரத்தம் வராத பகுதி சும்மா இருப்பதில்லை. வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து, 'இங்கே புதுக் குழாய் வேண்டும்' என்று கேட்கிறது. புதுக் குழாய்களும் முளைக்கின்றன. ஆனால் அவை உறுதியில்லாதவை. கசியும், உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். சர்க்கரை விழித்திரை நோயின் முற்றிய நிலை இது.

அந்தப் புரதம் பின்பக்கத்திலேயே நின்றுவிடுவதும் இல்லை. கண்ணுக்குள் ஓடும் நீரோடு முன்னே வந்து, ஐரிஸின் மேலும் புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. முதலில் கண்மணியின் விளிம்பில், மயிரிழையை விட மெல்லிய சிவப்பு நூல் போலத் தெரியும். பிறகு அது கோணத்துக்குள் இறங்கும். குழாய்களோடு ஒரு சவ்வும் வந்து சல்லடைமேல் பாய் விரித்தாற்போல் படரும். தீப்புண் ஆறும்போது தோல் சுருங்கி இழுக்கிறதல்லவா, அதுபோல் இந்தச் சவ்வும் சுருங்கி ஐரிஸை இழுத்து மூலையை மூடிவிடும். நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் 40, 50 என்று ஏறும். புதுக்குழாய் கிளாக்கோமா என்பது இதுதான். இந்த வகை வலிக்கும்: கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும், தலைவலியோடு வாந்தியும் வரலாம். ஒற்றைத் தலைவலி என்றோ பித்தம் என்றோ நினைத்து இரண்டு நாள் கஷாயம் குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த இரண்டு நாளின் விலை ஒரு கண்ணாக இருந்துவிடலாம்.

இதே நோயைக் கொண்டுவரும் இன்னொரு காரணம் விழித்திரையின் மையச் சிரை அடைப்பது. அடைப்பு வந்து சுமார் மூன்று மாதத்தில் அழுத்தம் ஏறுவதால் 'நூறு நாள் கிளாக்கோமா' என்று பழைய மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு அந்த அடைப்பும் வரக்கூடும்.

கண் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். சுவரோரம் நீளப் பெஞ்சு, வரிசையாக நோயாளிகள், சொட்டு மருந்துக் குப்பியோடு வரும் செவிலியர். "கண்ணை மூடிட்டு உக்காருங்க." கண்மணியை விரிக்கும் மருந்து அது. விழித்திரையைப் பார்க்க அது தேவை, தவிர்க்கக் கூடாது. ஆனால் கண்மணி விரிந்துவிட்டால் அதன் விளிம்பிலுள்ள அந்தச் சிவப்பு நூல் ஐரிஸின் மடிப்புக்குள் மறைந்துவிடும். கோணத்தையும் விரிப்பதற்கு முன்புதான் பார்க்க வேண்டும். எனவே பல வருடச் சர்க்கரை உள்ளவரை விரிக்கும் மருந்து விடுவதற்கு முன்னால் மருத்துவர் ஒரு முறை ஒளிக்கருவியில் பார்த்துவிடுவது நல்லது. "சொட்டு விடறதுக்கு முன்னாடி டாக்டர் ஒருதரம் பார்த்துட்டாங்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆறுதலான செய்தி, இந்த வகையைப் பெரும்பாலும் வராமலே தடுக்கலாம். பட்டினி கிடக்கும் விழித்திரையின் ஓரப் பகுதியை லேசரால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளாகச் சுடுவார்கள். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் ஆக்சிஜன் தேவை குறையும், புரதச் சுரப்பு அடங்கும், நடுப்பார்வை தப்பும். 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, கடும் பார்வையிழப்பை இந்த லேசர் பாதிக்கு மேல் குறைப்பதை நிரூபித்தது. இப்போது அந்தப் புரதத்தையே முடக்கும் ஊசிகளும் இருக்கின்றன. சில நாளிலேயே சிவப்பு நூல்கள் வற்றிவிடும். ஆனால் ஊசியின் வேலை சில வாரம்தான். 'ஊசி போட்டாச்சு, சரியாயிடுச்சு' என்று லேசருக்கு வராமல் நின்றுவிடுவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. கோணம் முழுக்க மூடிவிட்டவர்களுக்கு நீரை வெளியே வடிக்கச் சிறு குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். மதுரை ஆரோலேப் அத்தகைய குழாயைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு அதன் விலை நம்மவர் கைக்கு எட்டியது. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் போகாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மற்ற உறவு: இரண்டு பேர் மூன்று பேராவது

மாமாவுக்கு வந்தது இந்த வகை இல்லை. அவருடைய விழித்திரை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. வந்தது, சத்தமில்லாமல் வரும் திறந்த கோண கிளாக்கோமா. அதைச் சர்க்கரைதான் கொண்டுவந்ததா?

2015இல் ஓர் ஆய்வுக் குழு 16 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் திரட்டி, ஏறத்தாழ 30 லட்சம் பேரின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிளாக்கோமா வரும் வாய்ப்பு மற்றவர்களை விட 1.48 மடங்கு என்று வந்தது. சர்க்கரை வந்து கழியும் ஒவ்வொரு வருடத்துக்கும் அந்த வாய்ப்பு 5 விழுக்காடு கூடுகிறது என்றும் வந்தது. 1.48 மடங்கு என்றால் என்ன? சர்க்கரை இல்லாத நூறு பேரில் இரண்டு பேருக்குக் கிளாக்கோமா என்று வைத்துக்கொண்டால், சர்க்கரை உள்ள நூறு பேரில் மூன்று பேருக்கு. மீதி தொண்ணூற்றேழு பேருக்கு இல்லை. பீதியடைய வேண்டிய எண் இல்லை இது. பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை உள்ள நாட்டில் அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணும் இல்லை.

எதிர்த்துச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1980களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். முன்பே கிளாக்கோமா என்று தெரிந்தவர்களை எடுத்துப் பார்த்தால் அவர்களிடம் சர்க்கரை அதிகமாக இருந்தது. பரிசோதனையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களிடம் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. இதன் பொருள் எளிது. சர்க்கரை உள்ளவர் அடிக்கடி கண் மருத்துவரிடம் போகிறார், அதனால் அவருடைய கிளாக்கோமா பிடிபடுகிறது, போகாதவருடையது ஒளிந்திருக்கிறது. ஆக, தொடர்பின் ஒரு பகுதி நோயால் வந்தது இல்லை, தேடியதால் வந்தது. 2002இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், சர்க்கரை இருப்பது கிளாக்கோமாவிலிருந்து காப்பது போலவே ஒரு முடிவு வந்து எல்லோரையும் திகைக்க வைத்தது. விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் முதலிலேயே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். சர்க்கரை உண்டா இல்லையா என்பதையும் நோயாளி சொன்னதை வைத்தே குறித்திருந்தார்கள். பின்னர் மறுபடி கணக்கிட்டபோது அந்தக் 'காப்பு' நிற்கவில்லை.

தொடர்பு இருப்பதற்கு உடலியல் காரணங்கள் இருக்கவே செய்கின்றன. அதிகச் சர்க்கரையில் அந்தச் சல்லடையின் செல்கள் ஃபைப்ரோனெக்டின் என்ற பசைப் புரதத்தைக் கூடுதலாகச் சேர்த்துவைப்பதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அது ஃபில்டர் துளையில் பொடி அப்புவது போன்றது. பார்வை நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் திறனைச் சர்க்கரையால் இழக்கின்றன. அப்படிப்பட்ட நரம்பு சாதாரண அழுத்தத்தைக்கூடத் தாங்காமல் போகலாம். பாதத்தில் மரத்துப்போவதைச் சர்க்கரையின் நரம்புப் பாதிப்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். விழித்திரையின் நரம்பு செல்களுக்கும் அது நேர்வதற்கான அறிகுறிகள் கிடைத்திருக்கின்றன.

'அப்படியானால் சுகரைக் கட்டுக்குள் வைத்தால் கிளாக்கோமா வராதா?' புதுக்குழாய் வகைக்குப் பெரும்பாலும் ஆம் என்று சொல்லலாம்; விழித்திரை நன்றாக இருந்தால் அது வர வழி அடைபடுகிறது. திறந்த கோண வகைக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது. வயது, குடும்ப வழி, கண் அழுத்தம், கிட்டப்பார்வை எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் நோய் அது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அதிகம் எடுத்துக்கொண்டவர்களிடம் திறந்த கோண கிளாக்கோமா 25 விழுக்காடு குறைவாக இருந்ததாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2015இல் சொன்னது. பதிவேடுகளை வைத்துப் பார்த்த ஆய்வு அது. கண்ணுக்காக அந்த மாத்திரையைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஏற்கெனவே போடுபவர்கள் நிம்மதியாகத் தொடரலாம்.

என் தீர்ப்பு இது: மாமாவின் கிளாக்கோமாவுக்குச் சர்க்கரை காரணமா என்பது யாராலும் சொல்ல முடியாத விஷயம். ஆனால் சர்க்கரை அவரை வருடா வருடம் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த ஐந்து வாய்ப்புகளையும் வீணாக்கியது சர்க்கரை இல்லை.

ஒன்றின் மருந்து மற்றதைத் தொடும் இடங்கள்

இரண்டு நோயும் உள்ளவர்கள் அதிகம் அறியாத விஷயம் இது. ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையையும் ஏற்றும், கண் அழுத்தத்தையும் ஏற்றும். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ பீட்டாமெத்தசோனோ இருக்கலாம். கண் உடனே வெளுக்கும், அரிப்பு நிற்கும், அதனாலேயே அந்தக் குப்பி வீட்டில் நிரந்தரமாகிவிடும். வாரக்கணக்கில் விட்டால், ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறும். சர்க்கரை உள்ளவர்களிடம் இந்தப் போக்கு இன்னும் அதிகம். சர்க்கரையால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கும்போது சிலருக்குக் கண்ணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது தேவையான சிகிச்சைதான், ஆனால் அதற்குப் பின் வரும் மாதங்களில் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் தோலுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

கிளாக்கோமாவுக்குத் தரும் டிமோலால் சொட்டு மருந்து மலிவானது, நல்லது, மிகப் பரவலானது. கண்ணில் விட்டது மூக்கு வழியே இறங்கி ரத்தத்திலும் கலக்கிறது. சர்க்கரை திடீரென இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும்; அந்த எச்சரிக்கையை இந்த மருந்து அமுக்கிவிடக்கூடும். வியர்ப்பது மட்டும் மறையாது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் டிமோலால் கூடாது, அதையும் முன்பே சொல்லுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்தில் கலப்பது வெகுவாகக் குறையும். மருந்தும் கண்ணிலேயே தங்கும். மாமா இப்போது சுவாமி கும்பிடுவது போல் உட்கார்ந்து இதைச் செய்கிறார்.

அழுத்தம் சட்டென்று ஏறி அவசரமாகப் போகும்போது, 'எனக்குச் சுகர் இருக்கு' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அழுத்தத்தை உடனே இறக்கக் குடிக்கத் தரும் கிளிசரால் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வேறு மருந்து தர வேண்டும். டயாமாக்ஸ் மாத்திரை தருவதாக இருந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும் காலையில் சிலர் சொட்டு மருந்தையும் விடாமல் போகிறார்கள். அப்படித் தவிர்க்கத் தேவையில்லை, வழக்கம்போல் சொட்டைக் கண்ணில் போட்டுக்கொண்டே போகலாம்.

ஐந்து காலிக் கட்டங்கள்

அழுத்தம் பார்க்கும் முறைகளில் கண்ணில் காற்றை ஊதும் கருவி எளிது. மரக்க மருந்து விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீலவிளக்கைக் கண்ணருகே கொண்டுவந்து பார்ப்பது அதைவிடத் துல்லியமானது. ஆனால் முன்பே சொன்னேன், 21க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அதனால் எண் மட்டும் போதாது. நரம்பின் நடுவிலுள்ள குழி எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் கோணத்தைப் பார்க்கும் பரிசோதனை, நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி, பிறகு ஃபீல்டு டெஸ்ட்.

மாமாவின் ஃபீல்டு டெஸ்டுக்கு நான் கூட இருந்தேன். இருட்டறை. ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணத்துக்குள் தாடையை ஊன்றி, நடுவிலுள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கேனும் ஒளிப்புள்ளி மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வலக்கண்ணுக்கு டக் டக்கென்று அழுத்தினார். இடக்கண்ணுக்கு மாற்றிய பிறகு கை சும்மாவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, மெஷின் நின்னு போச்சா?" என்று கேட்டார். மெஷின் நிற்கவில்லை. ஒளிப்புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தன. பரிசோதித்த பையன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சொட்டு மருந்தால் பார்வை கூடுவதில்லை. 'விட்டும் ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே' என்று நிறுத்திவிடுபவர்கள் அதனால்தான் அதிகம். அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால்கூட நோய் முன்னேறும் ஆபத்து சுமார் 10 விழுக்காடு குறைகிறது என்று சுவீடனில் நடந்த ஆய்வு காட்டியது. சர்க்கரை நோயாளிக்கு இதை விளக்குவது எளிது. மாத்திரை போட்டால் சுகர் குணமாவதில்லை, ஆனாலும் போடுகிறோம். அதே பழக்கத்தில் இரவு படுக்கும் முன் ஒரு சொட்டையும் சேர்த்துக்கொள்வதுதான்.

பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடுங்கள், நல்லது. அழுத்தத்தை அது இறக்காது. நடைப்பயிற்சியும் நல்லது. சர்க்கரைக்காக யோகா கற்கிறவர்கள் கிளாக்கோமா இருந்தால் சிரசாசனத்தை விட்டுவிடுங்கள். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்காகிறது என்பதைச் சென்னையிலேயே ஆசனம் செய்பவர்களிடம் அளந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். தேனையும் வெங்காயச் சாற்றையும் கண்ணில் விடவே வேண்டாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு சர்க்கரை மாத்திரை பல வீடுகளின் வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி அது. கண் பரிசோதனைக்கு மட்டும் நாம்தான் போக வேண்டும். 1819இலிருந்து இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும், ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலும் இதற்குப் பணம் கேட்பதில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே முதல் கண் பரிசோதனை, பிறகு வருடம் ஒரு முறை. இது எல்லா மருத்துவர்களும் சொல்வது. உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ கிளாக்கோமா இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு, அதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். மாமாவுக்குக் கண்டுபிடித்த பிறகு என் அம்மாவை அழைத்துப்போனேன். அம்மாவுக்கும் சுகர் உண்டு. அழுத்தம் 19, நரம்பில் சந்தேகம்; இப்போது சொட்டு மருந்து விடுகிறார், பார்வை முழுதாக இருக்கிறது.

அடுத்த முறை சர்க்கரைக்காகக் கண் பார்க்கப் போகும்போது, படம் எடுத்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். "அழுத்தம் எவ்வளவு? நரம்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். இரண்டு கண்ணுக்கும் பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.